படத்தில் அளந்து அசல் அளவைக் கண்டுபிடிப்பது எப்படி: வெங்காயத் தோல் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வரை

உருப்பெருக்கிய படம் ஒன்றைக் கொடுத்து ‘இந்தச் செல்லின் உண்மையான நீளம் என்ன?’ என்று கேட்டால், போட வேண்டிய கணக்கு ஒரே ஒரு வகுத்தல்தான். ஆனாலும் புதிதாக வருகிறவர்களில் பலருக்கு விடை பத்து மடங்கோ ஆயிரம் மடங்கோ தள்ளிப் போய்விடுகிறது. வகுக்கத் தெரியாததால் அல்ல. கொடுத்திருக்கும் உருப்பெருக்க எண் எந்தப் படத்துக்குச் சொந்தம் என்று பார்க்காமலே கால்குலேட்டரைத் தட்டுவதால்.

அதனால் இங்கே வகுத்தலுக்குக் கொஞ்ச இடம்தான். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவைதான் அதிகம். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பித்தான் இருக்கிறது.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாகத் தெரியும் ஸ்கேல் ஒன்று. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலாக இருந்தால் நல்லது. படத்தின் மேல் வைத்தாலும் அடியில் இருப்பது தெரியும், பின்னால் நுண்ணோக்கியின் அடியிலும் அதையே வைக்கலாம். முனை தேய்ந்த ஸ்கேல் என்றால் 0-விலிருந்து அளக்காதீர்கள். 1 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கி, வந்த அளவில் 10 மி.மீ. கழித்துவிடுங்கள்.

நன்றாகச் சீவிய பென்சில், கால்குலேட்டர், அப்புறம் அச்சிட்ட படம். திரையில் இருக்கும் படத்தையும் அளக்கலாம். அதற்குத் தனி எச்சரிக்கை கீழே வருகிறது.

அலகுகள் மூன்று போதும். 1 மி.மீ. என்பது 1000 மைக்ரான். 1 மைக்ரான் என்பது 1000 நானோமீட்டர். பாடப்புத்தகத்தில் மைக்ரோமீட்டர் என்று இருப்பதும் ஆய்வகத்தில் மைக்ரான் என்று சொல்வதும் ஒன்றேதான். சென்டிமீட்டரை இந்தக் கணக்குக்குள் விடாதீர்கள். ஏன் என்று நான்காவது படியில் தெரியும்.

2. கையில் இருப்பது எந்த வகைப் படம்?

அளக்கத் தொடங்கும் முன் படத்தின் ஓரங்களையும் அடியையும் பாருங்கள். ‘×200’ (அசலைவிட 200 மடங்கு பெரிது) என்பது போல உருப்பெருக்க எண் போட்டிருக்கலாம். ‘25 மைக்ரான்’ என்று பெயரிட்ட சிறு கோடு, அதாவது ஸ்கேல் பார், இருக்கலாம். இரண்டும் இல்லாமல் நீங்களே நுண்ணோக்கிக்குள் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் வழி வேறு.

எண், கோடு இரண்டும் இருந்தால் கோட்டை நம்புங்கள். காரணம் இதுதான்: உருப்பெருக்க எண் ஒரு குறிப்பிட்ட அளவில் அச்சான படத்துக்கு மட்டுமே பொருந்தும். படத்தின் அளவு மாறினால் அந்த எண் அங்கேயே செத்துப்போகிறது. ஆனால் தாளில் அச்சான எழுத்து அப்படியே இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒரு புத்தகத்தில் ×200 என்று போட்ட படத்தில் வெங்காயச் செல் 48 மி.மீ. நீளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 50 சதவீதமாகச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் செல் 24 மி.மீ. ஆகிவிடும். உண்மையான உருப்பெருக்கம் இப்போது ×100. தாளில் இன்னும் ×200 என்றுதான் இருக்கும். அதை வைத்து வகுத்தால் செல் பாதியாகிவிடும். ஸ்கேல் பார் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து பாதியாகியிருக்கும், விடை மாறியிருக்காது.

ஆகவே எண் மட்டும் இருக்கும் படம் என்றால், அது மூலப் படமா, சுருக்கியதா, பெரிதாக்கியதா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். வினாத்தாளில் வரும் படத்துக்கு இந்தக் கவலை வேண்டாம்; தாளில் இருக்கும் அளவுக்கே எண் கொடுத்திருப்பார்கள். பிடிஎஃப்-ஆக வந்த வினாத்தாளை நீங்களே அச்சிடும்போதுதான் வம்பு. ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள்.

3. எங்கிருந்து எங்கே அளப்பது என்று முடிவு செய்யுங்கள்

‘செல்லை அள’ என்றால் நீளமா, அகலமா? செல்சுவரின் வெளி ஓரத்திலிருந்தா, உள் ஓரத்திலிருந்தா? இதை முதலில் எழுதி வைத்துவிட்டு அளக்க வேண்டும். இல்லையென்றால் முதல் செல்லை ஒரு மாதிரியும் ஐந்தாவது செல்லை வேறு மாதிரியும் அளந்திருப்பீர்கள்; சராசரிக்கு அர்த்தம் இருக்காது.

அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் தாவரச் செல்களுக்கு ஒரு பக்கச் சுவரின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கச் சுவரின் நடு வரை அளப்பது வசதி. அப்படியானால் பத்துச் செல்களை ஒரே கோட்டில் மொத்தமாக அளந்து பத்தால் வகுக்கலாம். படத்தில் கேள்வியே ஒரு கோட்டை வரைந்து கொடுத்திருந்தால் அந்தக் கோட்டை மட்டும் அளங்கள். பக்கத்தில் நீளமாகத் தெரிகிறது என்று வேறு இடத்தை அளக்க வேண்டாம்.

அளக்கும் இரு முனைகளிலும் மெல்லிய பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். செல்லின் ஓரம் வளைந்திருப்பதால் ஸ்கேலை நகர்த்தும்போது முனை எங்கே என்று கண் மறந்துவிடும். நீளம் என்றால் ஸ்கேலும் நீள அச்சின் வழியே கிடக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் அளவு மாறும்.

சாதாரண ஸ்கேலில் அரை மி.மீ. பிழை எப்போதும் உண்டு. அளக்கும் பொருள் படத்தில் 60 மி.மீ. இருந்தால் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 4 மி.மீ. இருந்தால் 12 சதவீதத்துக்கும் மேல். சின்னதாகத் தெரியும் பொருளைக் கவனமாக அளப்பதைவிட, படத்தைப் பெரிதாக்கி அளப்பது நல்லது. ஸ்கேல் பார் உள்ள படத்தில் தாராளமாக அப்படிச் செய்யலாம்.

4. அலகை மாற்றுவது முதலில், வகுப்பது அப்புறம்

மி.மீ.-இல் அளந்ததை உடனே 1000-ஆல் பெருக்கி மைக்ரானாக எழுதுங்கள். 48 மி.மீ. என்றால் 48,000 மைக்ரான். பிறகு 200-ஆல் வகுத்தால் 240 மைக்ரான்.

முதலில் வகுத்தால் என்ன? தப்பில்லை; 0.24 மி.மீ. வரும், அதை மாற்றினால் அதே 240. ஆனால் உருப்பெருக்கம் கூடக் கூடத் தசமப் புள்ளிக்குப் பின் பூஜ்ஜியங்கள் வரிசைகட்டும். 0.0018 மி.மீ. என்பதில் ஒரு பூஜ்ஜியத்தை விட்டுவிட எல்லோராலும் முடியும். 36,000-த்தில் ஒரு பூஜ்ஜியம் விடுபட்டால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சென்டிமீட்டர் வம்பு இதுதான். 4.8 என்று அளந்துவிட்டு, பழக்கத்தில் 1000-ஆல் பெருக்குகிறார்கள். 4,800-ஐ 200-ஆல் வகுத்தால் 24 மைக்ரான். விடை அழகாக இருக்கிறது. சரியாகப் பத்து மடங்கு தப்பு. சென்டிமீட்டரை மைக்ரானாக்க 10,000-ஆல் பெருக்க வேண்டும். இரண்டு பெருக்கு எண்களை நினைவில் வைப்பதைவிட மி.மீ.-இல் மட்டுமே அளப்பது சுலபம்.

பெருக்குவதா வகுப்பதா என்று குழப்பம் வந்தால்: சின்ன அலகுக்குப் போனால் எண் பெரிதாகும். அவ்வளவுதான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கும் இதே வழிதான். ×20,000 படத்தில் மைட்டோகாண்ட்ரியா 36 மி.மீ. நீளம் இருந்தால், 36,000-ஐ 20,000-ஆல் வகுக்க 1.8 மைக்ரான். செல் சவ்வின் தடிமன் போன்றவற்றுக்கு நானோமீட்டருக்கே போய்விடுங்கள், 1 மி.மீ. என்பது 10 லட்சம் நானோமீட்டர்.

5. வகுத்தல்

அசல் அளவு = படத்தில் உள்ள அளவு ÷ உருப்பெருக்கம்.

மூன்றையும் ஒரு முக்கோணத்துக்குள் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முக்கோணத்தில் எது மேலே என்று மறந்துபோனால் எல்லாம் போச்சு. படத்தில் பெரிதாகத் தெரிகிறது, அசல் அதைவிடச் சின்னது, ஆகவே வகுக்க வேண்டும் என்று யோசித்தாலே போதும். படத்தைவிடப் பெரிய விடை வந்தால் பெருக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

6. ஸ்கேல் பார் இருந்தால்

இங்கே இரண்டு வழி இருக்கிறது. வாய்க்குள்ளிருந்து எடுத்த கன்னச் செல்லின் படம். ஸ்கேல் பாரில் 25 மைக்ரான் என்று எழுதியிருக்கிறது. கோட்டை அளந்தால் 20 மி.மீ. செல் 46 மி.மீ.

முதல் வழி, உருப்பெருக்கத்தைக் கண்டுபிடிப்பது. 20 மி.மீ. என்பது 20,000 மைக்ரான். அதை 25-ஆல் வகுத்தால் ×800. செல் 46,000 ÷ 800 = 57.5 மைக்ரான்.

இரண்டாவது வழி, நேர் விகிதம். 20 மி.மீ.-க்கு 25 மைக்ரான் என்றால் 1 மி.மீ.-க்கு 1.25 மைக்ரான். 46 × 1.25 = 57.5. அலகு மாற்றமே இல்லை, தவறு நுழைய ஓட்டையும் குறைவு. உருப்பெருக்கம் எவ்வளவு என்று தனியாகக் கேட்காதவரை நான் இந்த வழியைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

புதியவர்கள் இங்கே தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: கோட்டை அளக்காமல், அதன் பெயரான 25-ஐயே உருப்பெருக்கமாக எடுத்து வகுப்பது. 25 மைக்ரான் என்பது அந்தக் கோடு குறிக்கும் அசல் நீளம். தாளில் அந்தக் கோடு எவ்வளவு நீளம் என்பதை ஸ்கேல்தான் சொல்ல வேண்டும்.

கோட்டின் நீளத்தை முனையிலிருந்து முனைவரை அளங்கள். மேலே இருக்கும் எழுத்தின் அகலத்தைச் சேர்க்காதீர்கள். ஒரே பக்கத்தில் நான்கு படங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கேல் பார் இருக்கலாம். பெரிய படத்தின் மூலையில் ஒட்டியிருக்கும் சின்னப் படத்துக்கும் அப்படியே. ஒன்றின் கோட்டை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

திரையில் அளந்தால் கோட்டையும் பொருளையும் ஒரே பெரிதாக்கத்தில் அளக்க வேண்டும். கைப்பேசியில் கோட்டை அளந்துவிட்டு, செல் தெளிவாகத் தெரியட்டும் என்று இரண்டு விரலால் விரித்தால் முதல் அளவு வீண். கோடே 5 மி.மீ.தான் இருக்கிறது என்றால் அரை மி.மீ. பிழை என்பது 10 சதவீதம். அந்தப் பிழை நீங்கள் கணக்கிடும் எல்லா அளவுகளிலும் ஏறும். முதலில் படத்தைப் பெரிதாக்குங்கள், பிறகு இரண்டையும் அளங்கள்.

7. கணினியில் அளப்பது

நிறையப் பொருள்களை அளக்க வேண்டும் என்றால் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும். நேர்கோட்டுக் கருவியை எடுத்து, ஸ்கேல் பாரின் மேல் முனைக்கு முனை கோடு இழுங்கள். படத்தைப் பெரிதாக்கி, ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு சாயாது. பிறகு ‘அனலைஸ்’ பட்டியலில் ‘செட் ஸ்கேல்’ போய், தெரிந்த தூரம் என்ற இடத்தில் 25 என்றும் அலகு என்ற இடத்தில் மைக்ரான் என்றும் கொடுங்கள். அதன்பின் எந்தக் கோடு இழுத்து ‘மெஷர்’ கொடுத்தாலும் விடை மைக்ரானிலேயே வரும்.

அந்தப் பெட்டியில் ‘குளோபல்’ என்று ஒரு தேர்வு உண்டு. அதை டிக் செய்தால் திறக்கும் எல்லாப் படங்களுக்கும் அதே அளவுதான். 40எக்ஸ் லென்ஸில் எடுத்த படத்துக்குச் செட் செய்துவிட்டு 10எக்ஸ் படத்தைத் திறந்தால் மென்பொருள் எச்சரிக்காமல் தவறான விடையைத் தரும்.

இன்னொன்று. வேர்டில் ஒட்டிய படத்தை மூலையைப் பிடிக்காமல் பக்கவாட்டில் இழுத்திருந்தால் அகலம் மட்டும் நீண்டிருக்கும். கிடைமட்டமாக இருக்கும் ஸ்கேல் பார் அப்போது செல்லின் உயரத்துக்குப் பொருந்தாது. வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவில் தெரிந்தால் மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

8. நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கும்போது

கண்ணருகு லென்ஸ் 10எக்ஸ், பொருளருகு லென்ஸ் 40எக்ஸ் என்றால் மொத்த உருப்பெருக்கம் 400. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 400-ஐக் கொண்டு எதை வகுப்பது? நுண்ணோக்கிக்குள் தெரியும் பிம்பத்தின் மேல் ஸ்கேலை வைக்க முடியாதே. கண்ணருகு லென்ஸில் கைப்பேசியை வைத்து எடுத்த படத்துக்கும் 400 பொருந்தாது. கைப்பேசியின் லென்ஸ், திரையின் அளவு எல்லாம் நடுவில் புகுந்துவிட்டன.

எளிய வழி, பார்வை வட்டத்தின், அதாவது நுண்ணோக்கிக்குள் பார்க்கும்போது தெரியும் வெளிச்ச வட்டத்தின், விட்டம். 4எக்ஸ் லென்ஸின் அடியில் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, ஒரு மி.மீ. கோட்டின் நடுவை வட்டத்தின் இடது ஓரத்தில் பொருத்துங்கள். வலது ஓரம் வரை எத்தனை இடைவெளி என்று எண்ணுங்கள். நாலரை வந்தால் விட்டம் 4.5 மி.மீ. மற்ற லென்ஸ்களுக்குக் கணக்குப் போடலாம்: 10எக்ஸ்-இல் 4.5 × 4 ÷ 10 = 1.8 மி.மீ.; 40எக்ஸ்-இல் 0.45 மி.மீ., அதாவது 450 மைக்ரான்.

40எக்ஸ் லென்ஸின் அடியில் ஸ்கேலை வைக்காதீர்கள். ஒரு மி.மீ. இடைவெளியே அந்த வட்டத்தைவிடப் பெரிது. ஒரு கோட்டுக்கு மேல் தெரியாது. போதாததற்கு, லென்ஸின் முனை ஸ்கேலில் உரசும்.

கண்ணருகு லென்ஸில் 10எக்ஸ்-க்குப் பக்கத்தில் 18 அல்லது 20 என்று ஓர் எண் பொறித்திருந்தால் வேலை இன்னும் சுலபம். அந்த எண்ணைப் பொருளருகு லென்ஸின் எண்ணால் வகுத்தால் மி.மீ.-இல் விட்டம் வந்துவிடும். 18 ÷ 40 = 0.45. மொத்த உருப்பெருக்கமான 400-ஆல் வகுத்துவிடாதீர்கள்.

விட்டம் தெரிந்தபின், வட்டத்தின் குறுக்கே எத்தனை செல்கள் பிடிக்கின்றன என்று எண்ணுங்கள். 10எக்ஸ்-இல் ஆறு வெங்காயச் செல்கள் நீளவாக்கில் அடங்கினால் ஒன்று 1800 ÷ 6 = 300 மைக்ரான். தோராயம்தான், ஆனால் நம்பத்தகுந்த தோராயம்.

துல்லியம் வேண்டுமென்றால் ஆக்குலர் மைக்ரோமீட்டரும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரும் வேண்டும். முதலாவது கண்ணருகு லென்ஸுக்குள் போடும் கோடு கீறிய கண்ணாடி வட்டு. அதன் பிரிவுகளுக்குச் சொந்தமாக அளவு கிடையாது. இரண்டாவது ஸ்லைடில் பொறித்த அளவுகோல். வழக்கமாக 1 மி.மீ.-ஐ 100-ஆகப் பிரித்திருக்கும், ஒரு பிரிவு 10 மைக்ரான்.

ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை ஃபோகஸ் செய்து, கண்ணருகு லென்ஸைத் திருப்பி, இரண்டு அளவுகோல்களையும் இணையாகக் கொண்டுவாருங்கள். இரண்டின் 0-வும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். 40எக்ஸ்-இல் ஸ்டேஜ் கோடுகள் தடித்துத் தெரியும். அதனால் எப்போதும் கோட்டின் இடது ஓரத்தோடு பொருத்துங்கள், ஓரிடத்தில் இடது ஓரம், மறு இடத்தில் வலது ஓரம் என்று கலக்காதீர்கள். 0-விலிருந்து முடிந்தவரை தூரத்தில் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று விழும் கோடுகளைத் தேடுங்கள். ஆக்குலரின் 80 பிரிவு ஸ்டேஜின் 20 பிரிவோடு ஒன்றினால், 200 மைக்ரானை 80-ஆல் வகுக்க ஒரு ஆக்குலர் பிரிவு 2.5 மைக்ரான். பக்கத்திலேயே அப்படிப் பொருந்தும் கோட்டை எடுத்தால் பொருத்தத்தில் வரும் சின்னப் பிசகு பெரிதாகத் தெரியும். அதனால்தான் தூரத்தில் தேடச் சொல்கிறேன்.

இனி ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை எடுத்துவிட்டு உங்கள் ஸ்லைடை வையுங்கள். செல்லின் அகலம் 28 பிரிவு என்றால் 70 மைக்ரான்.

இந்த 2.5 அந்த நுண்ணோக்கிக்கும் அந்த 40எக்ஸ் லென்ஸுக்கும் மட்டும்தான். அதே கருவியில் 10எக்ஸ்-க்குத் திருப்பினால் ஒரு பிரிவு சுமார் 10 மைக்ரான் ஆகிவிடும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாக அளந்து ஒரு சீட்டில் எழுதி, கருவியிலேயே ஒட்டி வையுங்கள்.

9. ரெக்கார்டு நோட்டில் வரைந்த படம்

நுண்ணோக்கியில் ×100-இல் பார்த்து வரைந்ததால் படத்தின் கீழே ×100 என்று எழுதுவது மிகப் பரவலான பழக்கம். அது தவறு. நீங்கள் வரைந்த அளவுக்கும் லென்ஸுக்கும் தொடர்பே இல்லை. ஒருவர் உள்ளங்கை அளவுக்கு வரைவார், இன்னொருவர் விரல்நக அளவுக்கு.

அசல் 300 மைக்ரான் உள்ள செல்லை 90 மி.மீ. நீளத்துக்கு வரைந்திருந்தால் படத்தின் உருப்பெருக்கம் 90,000 ÷ 300 = ×300. அதைத்தான் எழுத வேண்டும். எந்த லென்ஸில் பார்த்தீர்கள் என்பதைத் தனியாகக் குறிப்பிடலாம்.

10. விடையை நம்பும் முன்

தெரிந்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான். மனிதச் சிவப்பணு 7 முதல் 8. ஈ. கோலி பாக்டீரியாவின் நீளம் சுமார் 2. ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர். சிவப்பணு 0.75 மைக்ரான் என்று வந்தால் சென்டிமீட்டர் எங்கோ நுழைந்துவிட்டது.

சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 0.2 மைக்ரானுக்குக் குறைவாக நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. அதில் எடுத்த படத்திலிருந்து ஒரு செல் 0.05 மைக்ரான் என்று விடை வந்தால் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

தசமங்களை வாரி இறைக்காதீர்கள். 23 மி.மீ.-ஐ ×350-ஆல் கணக்கிட்டால் கால்குலேட்டர் 65.714285 என்று காட்டும். ஸ்கேலில் இரண்டு இலக்கம்தான் அளந்தீர்கள். விடையும் 66 மைக்ரான்தான்.

பரப்பளவைக் கேட்டால் உருப்பெருக்கத்தை ஒருமுறை மட்டும் வகுத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். நீளம், அகலம் இரண்டும் பெருகியிருக்கின்றன. ×100 படத்தில் பரப்பு 10,000 மடங்கு. முதலில் அசல் நீள அகலங்களைக் கண்டுபிடித்து, பிறகு பரப்பைக் கணக்கிட்டால் இந்தச் சிக்கல் வராது.

கடைசியாக, கணக்கு சரியாக இருந்தும் அளவு குறையும் ஓர் இடம்: வெட்டிய திசுவின் படம். உருண்டையான ஒரு உட்கருவை மெல்லிய சீவலாக வெட்டும்போது கத்தி நடுவில்தான் போகும் என்று சொல்ல முடியாது. ஓரமாகப் போனால் சின்ன வட்டம்தான் கிடைக்கும். எங்கெங்கோ வெட்டுப்பட்ட ஒரே அளவு உருண்டைகளின் வட்டங்களைச் சராசரி எடுத்தால் உண்மை விட்டத்தில் சுமார் 79 சதவீதம்தான் வரும். ஆகவே இப்படிப்பட்ட படத்தில் ஒரே ஒரு வட்டத்தை அளந்து முடிக்காதீர்கள். நிறைய அளந்து, பெரியவற்றைத் தனியாகக் கவனியுங்கள்.

11. போட்டுப் பார்க்க

அ) 10 மைக்ரான் என்று குறித்த ஸ்கேல் பார் தாளில் 25 மி.மீ.; சிவப்பணுவின் விட்டம் 19 மி.மீ. அசல் விட்டம் என்ன?

ஆ) கண்ணருகு லென்ஸில் 20 என்று பொறித்திருக்கிறது. 40எக்ஸ் லென்ஸில் ஒரு மகரந்தத்தூள் வட்டத்தின் குறுக்கே ஐந்தில் ஒரு பங்கை அடைக்கிறது. அதன் விட்டம்?

இ) ×500 என்று போட்ட ஏ4 படத்தை 141 சதவீதமாக ஏ3-க்குப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஏ3 தாளில் பொருள் 60 மி.மீ. அசல் நீளம்?

விடைகள்: அ) 1 மி.மீ.-க்கு 0.4 மைக்ரான், 7.6 மைக்ரான். ஆ) வட்டம் 500 மைக்ரான், தூள் சுமார் 100 மைக்ரான். இ) உருப்பெருக்கம் இப்போது ×705, 60,000 ÷ 705, அதாவது சுமார் 85 மைக்ரான். 120 என்று வந்திருந்தால் இரண்டாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.